பாஞ்சோவும் மாண்டலினும்: வட்டத்தில் உட்காரக் கற்றல்

புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசையைக் கற்க வருகிறவர்களில் பலரை முதலில் இழுப்பது பாஞ்சோ என்ற ஐந்து தந்தி வாத்தியத்திலிருந்து இடைவெளியே இல்லாமல் கொட்டும் சுரங்கள்தாம். 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இளம் பாஞ்சோ கலைஞர், புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் ‘புளூ கிராஸ் பாய்ஸ்’ குழுவில் சேர்ந்தபோது, நாஷ்வில்லின் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ வானொலி நிகழ்ச்சியைக் கேட்டவர்களை நிமிர்ந்து உட்கார வைத்ததும் அந்த ஓசையே. நானும் அதைத் தேடித்தான் வந்தேன். ஆனால் பாஞ்சோவோடும் மாண்டலினோடும் சில ஆண்டுகள் புழங்கிய பிறகு, இந்த இசையில் கற்க வேண்டியவற்றில் பெரும்பகுதி மெட்டை வாசிக்காத நேரத்தில் கை என்ன செய்கிறது என்பதில்தான் அடங்கியிருக்கிறது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். கணக்குப் போட்டாலே இது விளங்கும். ஐந்து பேர் வட்டமாக அமர்ந்து வாசித்தால் ஆளுக்கு ஒரு சுற்று தனி வாசிப்பு கிடைக்கும். மற்ற நான்கு சுற்றுகளிலும், யாராவது பாடும்போதும், பிறருக்குத் துணை வாசிப்பதே நம் வேலை. பயிற்சி நூல்களும் காணொளிகளும் அந்த ஒரு சுற்றுக்குத்தான் பெரும்பாலான பக்கங்களையும் நிமிடங்களையும் ஒதுக்குகின்றன.

மரபான புளூகிராஸ் குழுவில் தாளவாத்தியம் கிடையாது. நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு தாளச் சுற்றில் ஒன்றையும் மூன்றையும் டபுள் பாஸ் என்ற கனத்த ஒலியுடைய பெரிய தந்தி வாத்தியம் தாங்குகிறது. இரண்டையும் நான்கையும் மாண்டலின் ‘சாப்’ என்ற வெட்டொலியால் அடிக்கிறது. யூ. ஸ்ரீநிவாஸின் கச்சேரிகள் வழியாக மாண்டலினை அறிந்த நமக்கு இது முற்றிலும் புதிய முகமாக இருக்கும். அவருடையது ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்வாத்தியம். அதில் சுரம் நீண்டு வளைந்து இழையும். இங்கே எட்டுத் தந்திகள் இரண்டிரண்டாக இணைந்து, வயலினைப் போலவே ஜி, டி, ஏ, இ எனச் சுருதி சேர்க்கப்பட்டிருக்கும். துணை வாசிப்பில் ஒலி பிறந்த கணமே அடங்கிவிட வேண்டும்.

அந்த அடக்கம் வலக்கையின் வேலை என்றே எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் அது இடக்கையின் வேலை. பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பதே கார்டு; கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளே ஃபிரெட்டுகள். ஜி கார்டின் ‘சாப்’ வடிவத்தில் ஆட்காட்டி விரல் ஏ தந்தி இணையின் இரண்டாம் ஃபிரெட்டிலும், நடுவிரல் இ தந்தி இணையின் மூன்றாம் ஃபிரெட்டிலும், மோதிர விரல் டி தந்தி இணையின் ஐந்தாம் ஃபிரெட்டிலும், சுண்டுவிரல் ஜி தந்தி இணையின் ஏழாம் ஃபிரெட்டிலும் அமர்கின்றன. விரல் படாத தந்தி ஒன்றுகூட இல்லை. பிக் என்ற மீட்டு வில்லை தந்திகளைக் கடந்த மறுநொடியே நான்கு விரல்களும் அழுத்தத்தை மட்டும் தளர்த்த வேண்டும். தந்தியை விட்டு எழும்பிவிடக் கூடாது. எழும்பினால் தேவையற்ற ரீங்காரம் கிளம்பும். தளர்த்தத் தாமதித்தால் கார்டு நீண்டு ஒலித்துத் தாளத்தை மழுங்கடிக்கும். சுண்டுவிரல் எட்டாதவர்கள் தொடக்கத்தில் கீழ்ச்சுருதித் தந்தி இணையை விட்டுவிட்டு மற்ற மூன்று இணைகளில் மட்டும் இதைப் பழகலாம். இரண்டு விரலால் பிடிக்கும் எளிய ஜி கார்டைவிட அது எவ்வளவோ மேல். எளிய கார்டில் விரல் படாத தந்திகள் இருப்பதால், தளர்த்தினாலும் ஒலி அடங்காது. விரல் வைக்காத தந்தியே இல்லாத இந்த வடிவத்தை அப்படியே நகர்த்தினால் எந்தச் சுருதிக்கும் பொருந்தும் என்பது கூடுதல் ஆதாயம்.

பாஞ்சோவில் கதை வேறு. ஐந்து தந்திகளில் நான்கு முழு நீளத்துக்கு ஓட, ஐந்தாவது மட்டும் ஐந்தாம் ஃபிரெட் அருகே ஒரு தனி முறுக்காணியில் தொடங்குகிறது. கட்டைவிரலுக்கு அருகில் இருக்கும் அந்தக் குட்டைத் தந்திதான் எல்லாவற்றிலும் உச்சச் சுருதியில் ஒலிப்பது. கட்டைவிரலில் பிளாஸ்டிக் பிக்கும், ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் உலோக பிக்குகளும் மாட்டிக்கொண்டு ஸ்க்ரக்ஸ் வாசித்த முறை, ‘ரோல்’ எனப்படும் விரல் வரிசைகளின் மேல் நிற்கிறது. ஒரே விரல் அடுத்தடுத்து இரு முறை மீட்டாமல் இருப்பதே அதன் அடிப்படை விதி. வேகம் அங்கிருந்துதான் பிறக்கிறது. முன்னோக்கு ரோலில் கட்டை, ஆட்காட்டி, நடு என்று மும்மூன்றாகச் செல்லும் விரல்கள் எட்டு மீட்டல் கொண்ட இடத்தில் மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிந்து விழுகின்றன. தாளக் கணக்கு கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தப் பிரிப்பு உடனே பிடிபடும் என்றாலும், அதை ஒவ்வோர் அட்சரமாக எண்ணிக்கொண்டு வாசிக்கப் போனால் விரல் தடுக்கும். மெட்டின் சுரங்கள் எந்த மீட்டலில் விழுகின்றனவோ அவற்றை மட்டும் சற்று அழுத்தி, மற்றவற்றைத் தாழ விடுவதே இதில் கடினமான பாடம். எல்லாச் சுரமும் ஒரே அளவில் ஒலிக்கும் பாஞ்சோ சில நிமிடங்களிலேயே சலித்துவிடும்.

மாண்டலின் கலைஞரின் தனிச்சுற்று வரும்போது வெட்டொலி நின்றுவிடுமே, அப்போது இரண்டையும் நான்கையும் யார் அடிப்பது? பெரும்பாலும் பாஞ்சோதான். ரோலை நிறுத்திவிட்டு, கழுத்தின் மேல் ஃபிரெட்டுகளில் கார்டு பிடித்து, அதே போல அழுத்தித் தளர்த்தி வாசிக்கும் இந்த முறைக்கு ‘வாம்பிங்’ என்று பெயர். பாஞ்சோவின் குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கும் சிறு பாலம், ஒட்டப்படுவதில்லை. தந்திகளின் இழுவிசையே அதைத் தோல்மேல் நிறுத்தி வைத்திருக்கிறது. அது சற்றே இடம் பெயர்ந்திருந்தாலும் கீழ் ஃபிரெட்டுகளில் தெரியாது. வாம்பிங் செய்யும் உயரத்தில் சுருதி பிசகுவது அப்பட்டமாகக் கேட்கும். பன்னிரண்டாம் ஃபிரெட்டின் மேல் தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் இழையொலியும், அதே ஃபிரெட்டில் அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றாக ஒலிக்கும் வரை குதிரையை நகர்த்திப் பார்ப்பதே தீர்வு. அழுத்திய சுரம் கூடியிருந்தால் குதிரையைக் கழுத்துக்கு எதிர்ப்புறமாகத் தள்ள வேண்டும்.

இதுவரை சொன்னது புளூகிராஸுக்குத்தான் பொருந்தும். அதற்கு முந்தைய அப்பலாச்சிய மலைப்பகுதியின் ‘ஓல்ட் டைம்’ இசையில் ஆளுக்கொரு சுற்று என்ற ஏற்பாடே பொதுவாக இல்லை. ஃபிடில் எனப்படும் வயலினும் பாஞ்சோவும் ஒரே மெட்டை ஒன்றாகத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாத்தியங்களிலிருந்து உருவானது பாஞ்சோ. நகத்தின் புறத்தால் தந்தியை மேலிருந்து கீழாகத் தட்டி, கட்டைவிரலால் ஐந்தாம் தந்தியை எழுப்பும் ‘கிளாஹாமர்’ முறை, மூன்று விரல் முறையைவிடப் பழையது. மெட்டுகளைக் காதில் ஏற்றிக்கொள்ள ஓல்ட் டைம் வட்டத்துக்கு இணையான பள்ளி இல்லை என்பேன். பெரும்பாலான ஃபிடில் மெட்டுகள் முதல் பகுதியை இரு முறையும் இரண்டாம் பகுதியை இரு முறையும் வாசிக்கும் அமைப்பில் இருப்பதால், ஒரே மெட்டு பத்து நிமிடம் ஓடும்போது விடுபட்ட சுரங்களை அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ளலாம். ‘ஓல்ட் ஜோ கிளார்க்’ மெட்டின் நிஷாதம் இறங்கியிருப்பதை, அதன் சுரங்கள் அரிகாம்போதி ராகத்துக்குரியவை என்று அறிந்தவர் எந்தத் தாளையும் பார்க்காமலே கண்டுகொள்வார்.

தாளில் எழுதிய டேப்லேச்சர் எந்தத் தந்தி, எந்த ஃபிரெட் என்பதைச் சொல்லும். எந்தச் சுரத்தை அழுத்துவது என்பதைச் சொல்லாது. முந்தைய தலைமுறையினர் 33⅓ சுற்று இசைத்தட்டை 16⅔ சுற்று வேகத்தில் ஓட்டி, பாதி வேகத்தில், ஒரு ஸ்தாயி கீழே கேட்டுக் கற்றார்கள். இன்று சுருதி மாறாமலே வேகத்தைக் குறைக்கும் மென்பொருள்கள் உண்டு. அவற்றைத் தனிச்சுற்றைப் பிரித்தறிய மட்டும் பயன்படுத்துவது பெரிய விரயம். பாடல் ஓடும்போது, மன்றோவின் குழுவில் வாசித்த லெஸ்டர் ஃபிளாட்டின் கித்தார் பின்னால் என்ன செய்கிறது, வரி முடியும் இடத்தில் அவருடைய பெயராலேயே அழைக்கப்படும் ‘ஜி ஓட்டம்’ என்ற சிறு சுரத்தொடர் எப்போது நுழைகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். டாக் வாட்சன் என்ற கலைஞர் கித்தாரில் வாசித்த ஃபிடில் மெட்டுகளைக் கேட்டு மயங்காதவர் யாருமில்லை. ஆனால் வட்டத்தில் கித்தாரிடம் முதலில் எதிர்பார்க்கப்படுவது பாஸ் தந்தியில் ஒரு சுரம், பிறகு ஒரு வீச்சு என்ற சீரான நடையே.

வட்டத்தின் ஒழுங்குமுறைகளைக் கவனித்தே பழகிவிடலாம். பாட்டைத் தொடங்குபவர் சுருதியைச் சொல்வார். கார்டு தெரியாதவர் கித்தார் வாசிப்பவரின் இடக்கையைப் பார்த்துப் பின்தொடர்வார். முடிக்கும் நேரத்தில் தொடங்கியவர் காலைச் சற்று உயர்த்துவார். தனிச்சுற்று வாசிப்பவரின் ஒலி நமக்குத் தெளிவாகக் கேட்கவில்லை என்றால் நாம் உரக்க வாசிக்கிறோம் என்று பொருள்.

பாடகரின் குரலுக்கேற்பச் சுருதி பி என்று அறிவிக்கப்படும்போதுதான் வாத்தியங்களின் வேறுபாடு வெளிப்படும். மன்றோவின் உச்சக் குரல் மரபில் பி அடிக்கடி வரும். மாண்டலின்காரர் அதே வடிவத்தை நான்கு ஃபிரெட் மேலேற்றிவிட்டு வேலையைத் தொடர்வார். பாஞ்சோகாரர் நான்காம் ஃபிரெட்டில் கேப்போ என்ற, தந்திகளை ஒருங்கே அழுத்தும் பிடிப்பானை மாட்டினாலும் குட்டைத் தந்தி அதற்குள் அடங்காது. இதற்காகவே பலர் ஐந்தாம் தந்திக்கடியில் ஏழாம், ஒன்பதாம் ஃபிரெட்டுகளின் அருகே, பொம்மை ரயில் தண்டவாளங்களுக்கான மிகச் சிறிய ஆணிகளை அடித்து வைத்திருக்கிறார்கள். பி சுருதிக்கு ஒன்பதாம் ஃபிரெட் ஆணியின் கொண்டைக்கடியில் தந்தியை நுழைத்தால் போதும். நுழைத்தபின் சுருதியைச் சரிபார்க்க மறக்கக் கூடாது, ஏனெனில் ஆணி தந்தியை இழுத்து அநேகமாகச் சற்றே ஏற்றிவிடும்.