தெர்மாமீட்டர் செத்துப்போச்சு

"அப்பா, தெர்மாமீட்டர் செத்துப்போச்சு."

மகள் இதைச் சொன்னபோது பாத்திரத்தில் 200 கிராம் பனிக்கட்டி பாதி உருகியிருந்தது. மின் அடுப்பு சிறு சூட்டில் இருந்தது. ஐந்து நிமிடமாக எண் 0-வை விட்டு அசையவே இல்லை. (முதல் தடவை கலக்காமல் விட்டதில் அடியில் 6 டிகிரி காட்டி மானத்தை வாங்கியது. அதனால் இந்த முறை கரண்டியை அவள் கையில் கொடுத்திருந்தேன்.)

கடைசித் துண்டும் கரைந்த பிறகுதான் எண் ஏறியது. உருகி முடிய ஒன்பது நிமிடம். அதே சூட்டில் இன்னும் ஒன்பது நிமிடம் வைத்ததும் தண்ணீர் 71 டிகிரிக்கு வந்துவிட்டது. ஒரு கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல் வேண்டும். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி ஏற்ற 4.18 ஜூல் போதும். அதே 334 ஜூலை 4.18-ஆல் வகுத்துப் பார்த்தால் 80-ஐத் தொட்டிருக்க வேண்டும். குறைந்ததைப் பாத்திரமும் காற்றும் எடுத்துக்கொண்டன.

"அப்போ முதல் ஒன்பது நிமிஷச் சூடு எங்கே போச்சு?"

மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாக ஆடுகின்றன என்பதைத்தான் தெர்மாமீட்டர் காட்டும். அந்தச் சூடு ஆட்டத்தைக் கூட்டவில்லை, அவை ஒன்றையொன்று பிடித்திருந்த பிடியைத் தளர்த்தியது. முழுக்க விடுவிக்கவும் இல்லை. அதற்குத்தான் கொதிநிலையில் கிராமுக்கு 2,260 ஜூல் தனியாகக் கேட்கிறது. எண்ணை ஏற்றாமல் உள்ளே போகும் இந்தச் சூட்டுக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர் வைத்தவரைக் கும்பிட வேண்டும். சங்கப் பாடலின் உள்ளுறை உவமம் போலவே, இருக்கிறது, வெளியே தெரியாது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். "ஈயம் உருக 327 டிகிரி வேணுமே, அதுக்கு இன்னும் நிறைய ஜூல் ஆகுமா?" என்றாள். "பின்னே?" என்றேன், யோசிக்காமல். புத்தகத்தைப் பிரித்தால் கிராமுக்கு 23 ஜூல்தான்! உருகுநிலை வரை சூடேற்றுவது வேறு, அங்கே போனபின் உருக்குவது வேறு என்று சமாளித்தேன். ஆனால் பனிக்கட்டிக்குப் பதினான்கில் ஒரு பங்குகூட இல்லையே என்று எனக்கே உறுத்தியது.

இரவு படுத்தபின்தான் பிடிபட்டது. எடைக்கு எடை ஒப்பிட்டதில்தான் கோளாறு. ஈய அணுவின் நிறை 207, நீர் மூலக்கூறுக்கு 18. ஒரு கிராம் ஈயத்தில் தலைகள் குறைவு. தலையை எண்ணி, மோல் கணக்கில் (எந்தப் பொருளானாலும் ஒரு மோலில் தலைகள் ஒரே எண்ணிக்கை) பார்த்தால் பனிக்கட்டிக்கு 6 கிலோஜூல், ஈயத்துக்கு 4.8. அவ்வளவுதான் வித்தியாசம்.

காலையில் சொன்னேன். தலையாட்டிவிட்டு, அடுத்து மெழுகை உருக்கலாம் என்கிறாள். மெழுகு பலவகை மூலக்கூறுகளின் கலவை, எண் ஒரே இடத்தில் அப்படி அடங்கி நிற்காது. அதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.