கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்: பிராண்டுக்கு முன்னால் அளவைக் கேளுங்கள்

கேட்ராக்ட் (கண்புரை) ஆபரேஷன் என்றதும் "எந்த கம்பெனி லென்ஸ் நல்லது?" என்றுதான் கேட்கிறார்கள். பவரை எப்படி அளந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது.

கருவிழியின் வளைவும் கண்ணின் நீளமும்தான் கணக்கின் அடிப்படை. நீளத்தில் 1 மி.மீ. பிசகினால் கண்ணாடி பவர் ஏறக்குறைய 2.5 முதல் 3 டயாப்டர் (பவரின் அலகு) வரை தள்ளிப்போகும். நீளம் அளக்கும் அல்ட்ராசவுண்ட் முனையைக் கருவிழியில் சற்றே அழுத்திவிட்டால் கண் குட்டையாகப் பதிவாகும். கணக்கு அதிக பவர் லென்ஸைச் சொல்லும். ஆபரேஷனுக்குப் பிறகு தூரத்தில் இருப்பது மங்கும். தொடாமல் ஒளியால் அளக்கும் கருவியில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் புரை ரொம்ப முற்றியிருந்தால் ஒளி உள்ளே போகாது, மறுபடி அல்ட்ராசவுண்டுதான்.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அளவெடுக்கும் முன்பே அதை நிறுத்தவேண்டும். எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முன்பு லேசிக் (கண்ணாடியைத் தவிர்க்கக் கருவிழியில் செய்யும் லேசர் சிகிச்சை) செய்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், வழக்கமான ஃபார்முலா அங்கே ஏமாற்றிவிடும்.

சிலிண்டர் பவருக்கான (கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வளையாததால் வருவது) டோரிக் லென்ஸ் உள்ளே 10 டிகிரி திரும்பினாலே மூன்றில் ஒரு பங்கு பலன் போச்சு. 30 டிகிரி என்றால் சுத்தமாக இல்லை.

தூரமும் கிட்டத்திலும் தெரியவைக்கும் மல்டிஃபோகல் லென்ஸில் இரவு விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம். ராத்திரி வண்டி ஓட்டுபவர்களுக்கும் விழித்திரைக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஒரே தூரத்துக்கான மோனோஃபோகலே தேவலை என்பேன்.

மாதங்கள் கழித்துப் பார்வை மங்கினால் "புரை திரும்ப வந்துடுச்சு" என்பார்கள். வராது. பெரும்பாலும் லென்ஸைத் தாங்கும் பையின் பின்சுவர்தான் மங்கியிருக்கும். யாக் லேசரில் சில நிமிட வேலை.