பெரம்பூர் மருந்துக்கடையிலிருந்து ஒரு மழைக்காலக் குறிப்பு

அக்டோபர் 4, 2025, சனி

ஷட்டரைத் தூக்கும்போதே நாலு பேர் காத்திருந்தார்கள். எல்லார் கையிலும் பாதி காலியான இருமல் சிரப். "மேடம், டிவில சொன்னாங்களே, இது அதுவா?" ஒவ்வொரு பாட்டிலாக வாங்கி லேபிளைப் படித்துச் சொன்னேன். டிவியில் சொன்ன அந்த 'கோல்ட்ரிஃப்' சிரப் எங்கள் கடைக்கு வந்ததே இல்லை. முதல் தேதியிலிருந்தே மாநிலம் முழுக்க அதற்குத் தடை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதைக் குடித்த குழந்தைகள் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் சிறுநீரகம் பழுதாகி இறந்திருக்கிறார்கள். சோதித்ததில் டைஎத்திலீன் கிளைக்கால் என்கிற நச்சு இரசாயனம் 48.6 சதவீதம். 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாத சமாச்சாரம்.

இரண்டு வயதுக்குள் இருமல், சளி சிரப் கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று நேற்று மத்திய சுகாதாரத் துறையும் சொல்லிவிட்டது. இது ஒன்றும் புதுச் செய்தி இல்லை. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்துகளில் "நான்கு வயதுக்குள் தரக்கூடாது" என்று அச்சிட 2023 டிசம்பரிலேயே உத்தரவு வந்தாயிற்று. படிப்பவர் யார்?

"அப்போ இருமலுக்கு இன்னாதான் குடுக்கிறது?" என்று ஒரு தாத்தா சண்டைக்கே வந்தார். ஒரு வயது தாண்டிய குழந்தைக்குத் தேன், தண்ணீர், மூக்கு அடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு. அவ்வளவுதான் என்றேன். வெறுங்கையோடு அனுப்புகிறாளே என்று முறைத்துவிட்டுப் போனார். கலப்படம் செய்தவன் மேல் எல்லோருக்கும் கோபம். நியாயம்தான். கலப்படமே இல்லாத சிரப்பும் சின்னக் குழந்தையின் இருமலுக்குப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை என்று சொன்னால் மட்டும் யாருக்கும் காது கேட்பதில்லை.

அக்டோபர் 9, வியாழன்

வியாசர்பாடியிலிருந்து ஓர் அம்மா, மாமியாரோடும் ஆறு வயதுப் பையனோடும் வந்தார். கேட்டது மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் சிரப். வழக்கமாக வாங்குவதாம். ராத்திரியானால் இருமல், ஓடினால் இருமல், விழுந்து சிரித்தால்கூட இருமல். போன வருஷம் எங்கேயோ 'பிரைமரி காம்ப்ளக்ஸ்', அதாவது குழந்தைகளுக்கு வரும் ஆரம்பக் காசநோய் என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை விழுங்க வைத்திருக்கிறார்கள். என்ன டெஸ்ட் எடுத்தார்கள் என்று கேட்டேன். "டெஸ்ட்டா? நெஞ்சுல வச்சுப் பார்த்தாங்க." காசநோய் என்றால் மாண்டூ தோல் பரிசோதனை, எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை என்று வரிசையாக இருக்கிறது. ஆஸ்துமா உள்ள எத்தனையோ பிள்ளைகள் இந்தப் பெயரில் காசநோய் மாத்திரை தின்றிருப்பார்கள் என்பது இந்தக் கல்லாவில் நின்றால் தெரியும்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பையன் உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தள்ளித் தேய்த்தான். மறுபடியும் தேய்த்தான். மூக்கின் குறுக்கே மெல்லியதாக ஒரு கோடு விழுந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு, முழங்கை மடிப்பில் சொறிந்த தடம். காலையில் எழுந்ததும் தும்மலா என்றேன். "அத ஏன் கேக்கறீங்க, பத்து தும்மலுக்குக் கம்மியில்ல." மூக்கு, தோல், நெஞ்சு மூன்றும் ஒரே ஒவ்வாமைக் கோளாறாக இருக்கலாம்.

பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். சிரப்பில் 5 மி.லி.க்கு 2 மில்லிகிராம், அதாவது 2000 மைக்ரோகிராம். இன்ஹேலரில் ஒரு அழுத்து 100 மைக்ரோகிராம். ஒரு ஸ்பூன் இருபது அழுத்துக்குச் சமம். அந்த இருபதும் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, மிச்சம்தான் மூச்சுக்குழாய்க்கு. இன்ஹேலர் நேரே மூச்சுக்குழாய்க்கே போகிறது.

பாட்டி ஒரே போடாகப் போட்டார்: "இன்ஹேலர் வச்சா பழகிடும் கண்ணு. அப்புறம் வுட முடியாது." இதை நான் தினமும் கேட்கிறேன். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஒரு தடவை போய் வாருங்கள், அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதைச் செய்யுங்கள் என்று அனுப்பினேன்.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக் கூட்டத்துக்கு நடுவே அந்த அம்மா சீட்டோடு வந்தார். இரண்டு இன்ஹேலர், அதை மாட்டி மூச்சு இழுக்கிற பிளாஸ்டிக் குழாயான ஸ்பேசர் ஒன்று. ஒன்று இழுப்பு வரும்போது மட்டும், நீல நிறச் சால்புட்டமால். இன்னொன்று தடுப்பு மருந்தான புடசோனைடு, தினமும் இரண்டு வேளை, பையன் நன்றாக இருந்தாலும்.

"நல்லா இருக்கும்போது எதுக்கு மேடம்?"

எங்கள் கடையில் நீல இன்ஹேலர் ஓடுகிற வேகத்தில் பாதிகூடத் தடுப்பு இன்ஹேலர் ஓடுவதில்லை. நீலம் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும். ஐந்து நிமிஷத்தில் சுகம் தெரியும். உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடாது. வீக்கத்தைத் தணிப்பது இரண்டாவது. அது அன்றே ஒன்றும் காட்டாது, வாரக்கணக்கில் வேலை செய்யும். 200 அழுத்து உள்ள நீல இன்ஹேலரை வருஷத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ ஒருவர் வாங்கினாலே அவருக்குக் கடுமையான இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறது என்கின்றன உலக ஆஸ்துமா வழிகாட்டு நெறிகள். பன்னிரண்டைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து கூடுகிறதாம். மாதா மாதம் நீலம் மட்டும் வாங்குகிற முகங்கள் எனக்குத் தெரியும்.

'ஸ்டீராய்டு' என்று சீட்டில் இருந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் படித்துச் சொல்லிவிட்டாராம். அவர் சொன்னது பொய்யில்லை. வருஷக்கணக்கில் எடுத்தால் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவு குறையலாம் என்பதும் உண்மை. ஆனால் இழுப்பு முற்றும்போதெல்லாம் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக் கொடுத்த பிரெட்னிசோலோன் சிரப்பும் ஸ்டீராய்டுதானே, அது மில்லிகிராம் கணக்கு, இது மைக்ரோகிராம் கணக்கு என்றேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு ஸ்பேசரைப் பிரித்தோம். குலுக்கு, மாட்டு, வாயில் வைத்து உதட்டை இறுக்கு, ஒரே ஒரு அழுத்து, ஐந்தாறு மூச்சு நிதானமாக. இரண்டாவது அழுத்து வேண்டுமென்றால் அரை நிமிஷம் விட்டு, மறுபடி குலுக்கி. பையன் முதலில் ஊதினான். "ஊதாதடா, உறிஞ்சு" என்றார் அம்மா. கடையில் நின்றிருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு மூச்சு வாங்கிக் காட்டினார்கள். நாலாவது தடவை வால்வு டிக் டிக்கென்று சரியாக அடித்தது. தடுப்பு மருந்து முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் நாக்கில் வெள்ளை படியும்.

அந்த அம்மா ஸ்பேசரை முந்தானையால் நன்றாகத் துடைத்து உள்ளே வைக்கப் போனார். பிளாஸ்டிக்கைத் துணியால் தேய்த்தால் மின்னேற்றம் வந்து மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் அப்படியே நிழலில் வடிய விட வேண்டும். இதைச் சொல்ல எந்த டாக்டருக்கும் நேரமிருப்பதில்லை.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

பட்டாசு வெடிக்கக் காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு என்று அரசாங்கம் சொல்கிறது. ராத்திரி பதினொன்றுக்கு எங்கள் தெருவில் எதிர்வீடு தெரியவில்லை. சத்தம் வராத மத்தாப்பும் பாம்பு மாத்திரையும் சின்னப் பிள்ளைகளுக்கு நல்லதென்று வாங்கிக் கொடுக்கிறார்கள். புனேயில் அளந்து பார்த்ததில் நுண்துகளை அதிகமாகக் கக்கியது அந்தப் பாம்பு மாத்திரைதான்.

நவம்பர் 5, புதன்

கொசுவர்த்திச் சுருள் கேட்டு ஒரே கூட்டம். நாங்கள் விற்பதில்லை, ஓனர் அண்ணனோடு சண்டை போட்டு நிறுத்தினேன். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியேறும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு வந்தது. ஜன்னலை அடைத்துவிட்டுக் குழந்தையின் தலைமாட்டில் ஏற்றுகிறார்கள். கொசுவலை கட்டுங்கள் என்றால் புழுக்கம் என்கிறார்கள். புழுக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

வெள்ளி செவ்வாய் சாம்பிராணி பற்றிப் பேசினால் அடி விழும். ஆகவே, குழந்தை வெளியே விளையாடும் நேரத்தில் போட்டு, புகை போன பிறகு உள்ளே கூப்பிடுங்கள் என்று சமரசம்.

வியாசர்பாடி அம்மாவும் வந்தார், படுக்கை பற்றிக் கேட்க. தூசு உண்ணி என்கிற, கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கு ஈரக்காற்று சொர்க்கம். சென்னையில் அது வருஷம் முழுக்க வாழலாம். தலையணை உறை, பெட்ஷீட்டை வாரம் ஒரு முறை நல்ல வெந்நீரில் ஊறவைத்துத் துவைக்கணும். குறைந்தது 55 டிகிரி, கை பொறுக்காத சூடு. பழைய இலவம்பஞ்சு மெத்தையைப் பையனிடமிருந்து விலக்கணும். பூஞ்சை பிடித்த சுவரோரம் படுக்கை வேண்டாம். கரப்பான்பூச்சிக் கழிவும் ஒவ்வாமையைக் கிளப்பும், அதனால் ராத்திரி எச்சில் பாத்திரம் கிடக்கக் கூடாது. ஒண்டுக்குடித்தனத்தில் இதெல்லாம் எவ்வளவு நடக்கும்? முடிந்ததைச் செய்யுங்கள், இன்ஹேலரை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றேன்.

வாழைப்பழம், தயிர் கொடுக்கலாமா என்று பாட்டி கேட்டனுப்பினாராம். அந்தக் குழந்தைக்கு அதனால் வந்ததாகக் கண்ணால் பார்த்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாவம், சாப்பிடட்டும்.

டிசம்பர் 2, செவ்வாய்

டிட்வா புயல் மழை. பள்ளிகளுக்கு லீவு. முழங்கால் தண்ணீரில் மாடிவீட்டுத் தம்பி ஒரு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து காய்ச்சல் சொட்டு மருந்து கேட்டான். "அக்கா, மூச்சு கொஞ்சம் வேகமா இருக்கு." சட்டையைத் தூக்கச் சொல்லி, குழந்தை அழாமல் இருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுசாக எண்ணினேன். 58. ஒரு வயது முதல் ஐந்து வரை 40, அதற்குக் கீழே 50, இரண்டு மாதத்துக்குள் 60. இதைத் தொட்டாலே வேகமான மூச்சுதான். அத்தோடு விலாவுக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்கியது. மருந்து தரவில்லை. 108க்கு நானே போன் போட்டேன். நிமோனியா, ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள் என்று சாயங்காலம் தகவல்.

நிமோகாக்கல் தடுப்பூசி 2021இலிருந்து அரசு சுகாதார நிலையங்களில் இலவசம்: ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம். இந்தக் குழந்தைக்கு ஒன்பதாவது மாத ஊசி விட்டுப்போயிருக்கிறது, ஊருக்குப் போயிருந்தார்களாம். தடுப்பூசி போட்டால் நிமோனியாவே வராது என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்த அட்டையை எடுத்துப் பாருங்கள், படிக்கிறவர்களே.

டிசம்பர் 19, வெள்ளி

ஆஸ்துமா, ஒவ்வாமைக்குத் தரும் மாண்டெலுகாஸ்ட் சிரப் கேட்டு ஒருவர், சீட்டு இல்லாமல். தூக்கத்தில் அலறல், எரிச்சல், மனநிலை மாற்றம் வரலாம் என்று 2020இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கட்டம் கட்டி எச்சரித்த மருந்து. "பிள்ளை ராத்திரி எழுந்து கத்துறானே, அதாலயா?" என்றார். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் இதையே சொல்லிக் கேட்கச் சொன்னேன்.

ஜனவரி 14, 2026, புதன், போகி

விடியற்காலையில் ஜன்னல் இடுக்கெல்லாம் ரப்பர் நாற்றம். 2018 போகியன்று புகையால் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தவித்துப்போயின. அதற்குப் பிறகும் டயர் எரிகிறது. பாய், துணி எரித்த காலம் வேறு.

பத்து மணிக்கு வியாசர்பாடி அம்மா. பையனை முதல் நாளே திருநின்றவூர் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். மழைக்காலம் முழுக்க ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. நீலத்தைச் சில தடவைதான் எடுத்திருக்கிறார்கள். கேட்டது தடுப்பு இன்ஹேலர். தீர்ந்துவிட்டதா என்று கேட்டதற்கு, டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம், மிதந்தது என்றார். மிதக்கிறதா முழுகுகிறதா என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தினமும் எத்தனை அழுத்து, குப்பியில் மொத்தம் எத்தனை என்று வகுத்து, தீரும் தேதியைக் காலண்டரில் குறிக்க வேண்டும். குறித்துக் கொடுத்தேன்.

"இன்னும் எவ்ளோ நாள் மேடம்? நல்லாதானே இருக்கான்." அடுத்த மாதம் எழும்பூரில் காட்டும்போது டாக்டர் சொல்வார், அளவைக் குறைக்கலாமா என்று அவர்கள்தான் முடிவு செய்யணும் என்றேன். விலையைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே பணத்தை எண்ணினார். பாட்டி இப்போது பக்கத்து வீட்டுப் பேத்திக்கு ஸ்பேசர் வாங்கச் சொல்லி நச்சரிக்கிறாராம்.

ஸ்பேசர் கையிருப்பில் ஒன்றுதான் இருந்தது. ஐந்து ஆர்டர் போடச் சொன்னேன். ஓனர் அண்ணன் மூன்று போட்டிருக்கிறார்.