குற்றவாளி கிடைக்காவிட்டாலும் இழப்பீடு கேட்டு மனு போடலாம்

"ஆள் பிடிபடட்டும், கேஸ் முடியட்டும், அப்புறம் வாங்க" என்று ஓர் அலுவலகத்தில் எழுத்தர் ஒருவர் சொன்னதை நம்பி ஐந்து மாதம் சும்மா இருந்துவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இரவு வேலை முடித்து வந்த என் தம்பியை, முகம் தெரியாத இரண்டு பேர் வெட்டிவிட்டு செல்போனைப் பறித்துக்கொண்டு போனார்கள். வலது கையில் மூன்று விரல்களின் தசைநாண் அறுந்துவிட்டது. அவன் தையல் வேலை செய்பவன். கத்தரிக்கோலைக்கூடப் பிடிக்க முடியாமல் வீட்டிலேயே இருந்தான்.

காவல் நிலையத்தில் முதல் நாள் கொடுத்தது சி.எஸ்.ஆர். ரசீது மட்டும்தான். மனுவை வாங்கிக்கொண்டார்கள் என்பதற்குத்தான் அது அத்தாட்சி. வழக்குப் பதிவானதாக ஆகாது. அது அப்போது எனக்குத் தெரியாது. திரும்பத் திரும்பப் போய்க் கேட்டு, நான்காம் நாள்தான் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். அதன் நகலை இலவசமாகத் தரவேண்டும் என்று சட்டமே சொல்கிறது, தயங்காமல் கேளுங்கள். வழக்குப் பதிய மறுத்தால் புகாரை எழுதி மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம்.

அப்புறம்தான் அந்த ஐந்து மாதம். தெரிந்தவர் ஒருவர் 15100 எண்ணைக் கொடுத்தார். இலவச சட்ட உதவிக்கான எண் அது. கூப்பிட்டபோது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொன்னார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. அங்கிருந்த சட்டத் தன்னார்வலர் அம்மா, நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 396, உட்பிரிவு 4. குற்றவாளி யாரென்று தெரியாமல், நீதிமன்ற விசாரணையே நடக்காமல் போனாலும், பாதிக்கப்பட்டவரே இழப்பீடு கேட்டு மனு போடலாம். பழைய சட்டத்திலும் 357ஏ என்ற பிரிவில் இது இருந்ததாம். படித்ததும் அழுகை வந்துவிட்டது. ஐந்து மாதமாக மருந்துக்கும் வீட்டு வாடகைக்கும் கடன் வாங்கிக்கொண்டிருந்தோம்.

அதே பிரிவின் 6-வது உட்பிரிவையும் குறித்துக்கொள்ளுங்கள். காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ மாஜிஸ்திரேட்டோ சான்று கொடுத்தால், முதலுதவியும் மருத்துவ வசதியும் இலவசமாகக் கிடைக்க ஆணைக்குழு உத்தரவிடலாம். இடைக்கால நிவாரணமும் தரலாம். இதை முதல் வாரமே கேட்டிருக்க வேண்டும்.

மனு எழுதுவது ஒரு மணி நேரத்தில் முடிந்தது. காகிதங்கள்தான் படுத்தின. எஃப்.ஐ.ஆரில் "கையில் வெட்டுக் காயம்" என்று ஒரே வரி. விரல் மடங்காதது அதில் இல்லை. அதனால் காயச் சான்று தேவைப்பட்டது. மருத்துவமனையில் கேட்டால் "போலீசுக்குத்தான் அனுப்புவோம்" என்றார்கள், ஸ்டேஷனில் கேட்டால் "இன்னும் வரவில்லை". மூன்று நாள் இப்படியே அலைந்தேன். கடைசியில் விசாரணை அதிகாரியிடம் ஒரு கடிதம் வாங்கிப் போய்க் கொடுத்த பிறகுதான் சான்று நகர்ந்தது. அது வந்த பிறகும், வங்கிப் பாஸ்புக்கில் தம்பியின் இனிஷியல் வேறு மாதிரி இருக்கிறது என்று ஒரு நாள் திருப்பி அனுப்பினார்கள். ஆதார், பாஸ்புக், எஃப்.ஐ.ஆர். மூன்றிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் அசலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், நகல் போதும். மனு கொடுத்ததும் தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். விசாரணையை இரண்டு மாதத்துக்குள் முடிக்கவேண்டும் என்று சட்டம் சொல்வதால், பிறகு போய்க் கேட்க அந்தத் தேதிதான் பிடிமானம்.

பணம் தம்பியின் கணக்குக்கே வந்தது. போன கூலிக்கு ஈடாகாது, ஆனால் கடனில் பெரும்பகுதியை அடைத்துவிட்டோம், பிசியோதெரபியும் நிற்காமல் போகிறது.

வெட்டியவர்கள் இன்னும் கிடைக்கவில்லை. புலன் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குப் போலீஸ் தெரிவிக்கவேண்டும் என்பதும் அந்த அம்மா சொல்லித்தான் தெரியும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை எழுத்து மூலமாகவே கேட்கப் போகிறேன்.