கச்சானைக் கொறிக்கலாம், கச்சானை எதிர்த்து அடிக்கலாமா?

திருகோணமலையில் கச்சான் என்றால் இரண்டு. ஒன்று, பின்னேரம் கடற்கரையில் கடதாசிச் சுருளில் வாங்கிக் கொறிக்கிற நிலக்கடலை. மற்றது, தென்மேற்குப் பருவ மாதங்களில் மேற்கேயிருந்து கிளம்பி, கொண்டுவந்த ஈரத்தையெல்லாம் மலைநாட்டில் இறக்கிவைத்துவிட்டு, வறண்டு சூடேறி வந்து எங்கள் முகத்தில் அறைகிற காற்று. முதலாவதைப் பற்றி யாருக்கும் முறைப்பாடு இல்லை. இரண்டாவது வீசுகிற நாளில் சீனக்குடாவிலுள்ள விமானப்படையின் 18 குழி மைதானத்துக்குக் கோல்ஃப் பையோடு கிளம்புகிறவர்களுக்கும், அதே பையைக் கார்த்திகை மழையில் தூக்கிப்போகிற இன்னும் பெரிய தைரியசாலிகளுக்கும்தான் இந்தப் பதிவு.

நாலு பேர் சேர்ந்து ஆடப் போனால் அதில் ஒருவர் கட்டாயம் வானிலை அதிகாரி. வானத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்ப்பார். "மச்சான், இது சும்மா தூறல். ரெண்டாம் குழிக்குள்ள விட்டிரும்." ரெண்டாம் குழியில் விடாது. பதினோராம் குழியிலும் விடாது. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று பெரியவர்கள் சொல்லிவைத்தது நெல்லுக்கு, கோல்ஃபுக்கு இல்லை என்று அவர் வாதாடுவார். இவரை நம்புவதைவிடக் கடற்கரைப் பக்கம் ஒரு சுற்றுப் போய்ப் பார்ப்பது மேல். வள்ளங்களை வழக்கத்தைவிட மேலே இழுத்துக் கட்டியிருந்தால் பையைக் காருக்குள்ளேயே விட்டுவிடுங்கள்.

முதலில் காற்று. எதிர்காற்றைக் கண்டதும் மனிதனுக்கு வருகிற முதல் ஆசை, இன்னும் ஓங்கி அடிக்க வேண்டும் என்பது. கெடுவதே அங்கேதான். கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது; விட்டம் 42.67 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. இந்தச் சின்னச் சாமான் ஆகாயத்தில் நிற்பதே பின்னோக்கிச் சுழல்வதால்தான். ஓங்கி அடித்தால் சுழற்சி கூடும். சுழற்சி கூடினால் எதிர்காற்று அதை இன்னும் மேலே தூக்கும். பந்து பட்டம் போல எழும்பி, உச்சியில் ஒரு கணம் நின்று யோசித்து, கிட்டத்தட்ட நேர் கீழே விழும். பக்கத்தில் நிற்பவர் "நல்ல உயரம் அண்ணை" என்பார். அது பாராட்டு இல்லை.

கோணேசர் கோயிலுக்கு மலையேறும்போது காற்றடித்தால் வேட்டி கட்டியவர் என்ன செய்வார்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓட மாட்டார். கொஞ்சம் குனிந்து, வேட்டியை ஒரு கையால் பிடித்து, அடியைச் சின்னதாக வைப்பார். எதிர்காற்று அடியும் அதேதான். ஒன்று அல்லது இரண்டு இலக்கம் குறைந்த மட்டையை எடுங்கள்; இலக்கம் குறையக் குறையத் தூரம் கூடும். 8 அயர்ன் (இரும்புத்தலை மட்டை) தூரத்துக்கு 6 அயர்ன். பிடியில் ஓர் அங்குலம் கீழிறங்கிப் பிடியுங்கள். பந்தை வழமையான இடத்திலிருந்து ஒரு பந்தளவு பின்னே, வலது காலை நோக்கி வையுங்கள் (இடதுகைக்காரர் மாற்றி வாசிக்கவும்). வீச்சு முக்கால்வாசி. அடித்து முடிந்ததும் கை நெஞ்சுக்கு மேலே போகக்கூடாது. படத்துக்கு நிற்கிற மாதிரித் தோளுக்கு மேலே சுழற்றி முடித்தால் பந்தும் கூடவே எழும்பும்.

எவ்வளவு கூட்டுவது? ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் குத்துமதிப்புக் கணக்கு இது: மணிக்கு 16 கிலோமீற்றர் எதிர்காற்றுக்குத் தூரத்தில் நூற்றுக்குப் பத்தைக் கூட்டு, அதே காற்று பின்னால் வந்தால் ஐந்தை மட்டும் குறை. 150 யார் தூரம் எதிர்காற்றில் 165, பின்காற்றில் 142 அல்லது 143. காற்று பறிக்கிற அளவுக்குத் திருப்பித் தராது. இந்தக் கணக்குத் தெரியாதவர் போகும்போது இழந்ததை வரும்போது பிடிக்கலாம் என்று நம்பிக்கொண்டே 18 குழியையும் முடிப்பார்.

புல்லைக் கிள்ளி வீசிப் பார்க்கிறார்களே, அதைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் எல்லாரும் பழகினோம். அந்தப் புல் காட்டுவது தோள் உயரத்துக் காற்றை. பந்து போவது பனை உயரத்தில். ஆகவே பனைத்தலையையும் தென்னந்தலையையும் பாருங்கள், குழிக்கொடியையும் பாருங்கள். கச்சான் மெலிந்த நாட்களில் மத்தியானத்துக்குப் பிறகு கிழக்கேயிருந்து கடற்காற்று ஏறிவரும். காலையில் முதுகில் தட்டிக்கொடுத்த அதே குழி பின்னேரம் முகத்தில் அடிக்கும். காலைக் கணக்கை அடிகளை எழுதுகிற அட்டையின் பின்புறம் எழுதிவைத்துப் பின்னேரமும் அதையே பார்ப்பவருக்குக் காற்று பொறுப்பில்லை.

கச்சான் காலத்தில் தரையும் வேறு தரை. புல் கருகி, மண் இறுகி, பந்து விழுந்த இடத்தில் நிற்காது; சீமெந்துத் தரையில் போட்ட கோலிக்குண்டு மாதிரி ஓடும். குழிக்கொடியைக் குறிவைத்து உயரமாகப் போட்டால், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய பசுந்தரையில் பட்டுத் தெறித்து மறுபக்கப் பற்றைக்குள் போய்விடும். 10, 15 யார் முன்னாலேயே விழவிட்டு உருட்டுங்கள். பசுந்தரைக்குக் கிட்ட வந்துவிட்டால், பந்தை உயரத் தூக்குகிற வெஜ் மட்டை வேண்டாம். காய்ந்த தரையில் அதன் அடிப்பாகம் துள்ளிப் பந்தின் நடுவயிற்றில் பட்டு, பந்து வந்த வேகத்தில் பார்க்கிங் வரை போகும். 8 அயர்னை எடுத்து, பசுந்தரையில் பந்தை உருட்டுகிற பட்டர் மட்டையால் தள்ளுவது போலச் சின்னதாகத் தள்ளுங்கள். அழகில்லைத்தான். ஆனால் அட்டையில் இலக்கம் எழுத மட்டும்தான் இடம் உண்டு, அழகு எழுத இடமில்லை.

பசுந்தரையில் காற்று பந்தை நகர்த்தினால் என்ன சட்டம் என்று வருஷா வருஷம் ஒரு சண்டை நடக்கும். 2019 இல் வந்த விதிகளில் இது தெளிவு. பந்தை அடையாளம் வைத்துத் தூக்கித் திரும்ப வைத்த பிறகு காற்று நகர்த்தினால், பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். இன்னும் தூக்கவே இல்லையென்றால், நின்ற புதிய இடத்திலிருந்து ஆட வேண்டும். இரண்டுக்கும் தண்டனை இல்லை. இதைத் தெரிந்த கெட்டிக்காரர், காற்று குழியை நோக்கி வீசினால் அடையாளக் காசைத் தேடுகிற சாட்டில் சட்டைப் பையை நாலு தரம் தடவுவார்.

வெயிலுக்குத் தண்ணீர். 18 குழிக்கு நாலு மணித்தியாலத்துக்கு மேல் போகும். தாகம் வந்தபின் குடிப்பது பிந்திய வேலை. 15, 20 நிமிஷத்துக்கு ஒரு தரம் அரைக் கோப்பைக்குக் கொஞ்சம் கூட. வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிராமல் நடுவில் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர், இல்லாவிட்டால் இளநீர். தலை சுற்றி, வியர்வை நின்று, தோல் காய்ந்து சுட்டால் அது ஆட்டம் முடிந்த அடையாளம். அப்போதே நிழலுக்குக் கூட்டிப்போய் உடம்பை நனைத்து, வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். தொப்பிக்கு நாடி நாடா கட்டுங்கள். கட்டாதவரின் தொப்பி பந்தைவிட நேராகவும் தூரமாகவும் போவதை எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

இனி மழை. மழையில் ஆடுவது என்பது பாதிக்கு மேல் கையைக் காயவைக்கிற தொழில். சாதாரணத் தோல் கையுறை நனைந்தால் வெண்டிக்காய்ப் பசை. 3, 4 கையுறையைப் பொலித்தீன் பைக்குள் வைத்து மாற்றி மாற்றிப் போடலாம். அல்லது மழைக் கையுறை என்று துணியில் ஒன்று விற்கிறது. அது நனைந்தால்தான் நன்றாகப் பிடிக்கும், இரண்டு கைக்கும் போட வேண்டும், காய்ந்த நாளில் உதவாது. துவாய் இரண்டு: ஒன்று பையில் தொங்கிக் கண்ட தண்ணீரையும் துடைக்க, மற்றது குடைக்குள் கம்பியில் தொங்கிப் பிடியை மட்டும் துடைக்க. இரண்டும் இடம் மாறினால் இரண்டும் ஒன்றுதான். பட்டர் என்ற பெயரைத் தமிழில் எழுதியபோதே யாரோ எச்சரித்திருக்க வேண்டும். பிடி நனைந்தால் அது தின்கிற பட்டர்.

குடை என்றால் இரட்டைத் துணி வைத்து, இடையில் காற்றுப் போகிறதாக வாங்குங்கள். ஒற்றைத் துணிக் குடை வாடைக்காற்றில் மூன்றாம் குழியில் பூவாக விரியும். ஆறாம் குழியில் கம்பி மட்டும் மிஞ்சும். எழுத பென்சில். பேனைக்காரரின் அட்டையில் மழை கணக்குப் பார்க்கும், சிலவேளை அவருக்குச் சாதகமாகவே.

நனைந்த தரையில் பந்து ஓடாது. விழுந்த இடமே இடம். அதனால் மழையிலும் ஓர் இலக்கம் குறைந்த மட்டையை எடுக்க வேண்டும். மட்டை தரையை முதலில் தொட்டால் சேறு முகத்துக்கு, பந்து காலடிக்கு. பந்தைக் கொஞ்சம் பின்னே வைத்து, இடுப்பை அடக்கி, மட்டையால் பந்தை முதலில் தொடுங்கள். நனைந்த நெடும்புல் மட்டையின் கழுத்தைச் சுற்றிப் பிடித்து முகத்தைத் திருப்பிவிடும். அங்கே வீரம் வேண்டாம், வெஜ்ஜால் வெட்டி வெளியே வாருங்கள். ஈரப் பசுந்தரை மெதுவானது, வளைவு குறைவு. கொஞ்சம் கூடத் தட்டுங்கள். மணற்குழியில் நனைந்த மணல் இறுகிக் கிடக்கும். வழமைபோல மட்டை முகத்தை விரித்துப் பின்னால் அடித்தால் மட்டை துள்ளும். முகத்தை அவ்வளவு விரிக்காமல், பந்துக்குக் கொஞ்சம் கிட்ட மணலைத் தொடுங்கள்.

தேங்கிய தண்ணீர்தான் பெரிய நாடகம். தற்காலிகத் தண்ணீருக்குள் பந்தோ உங்கள் காலோ இருந்தால் தண்டனையில்லாமல் விலகலாம். தண்ணீரே இல்லாத, குழிக்குக் கிட்டாத மிக அருகிலுள்ள இடத்தைக் கண்டு, அங்கிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள், முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விட வேண்டும். பந்தைத் துடைக்கவும் செய்யலாம். ஆனால் காலை ஊன்றி நிற்பதற்கு முன்போ நின்ற பிறகோ தண்ணீர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இங்கேதான் நம் ஆட்கள் சப்பாத்தால் சளக் சளக்கென்று மிதித்துக் கிணறு தோண்டுவார்கள். அழுத்தி மிதித்து வரவழைத்த தண்ணீர் செல்லாது. பனித்துளியும் செல்லாது. பந்து தான் விழுந்து உண்டாக்கிய பள்ளத்துக்குள்ளேயே புதைந்திருந்தால் அதற்கு வேறு விலக்கு உண்டு, மணற்குழிக்குள் என்றால் அந்த விலக்கும் இல்லை. பந்தில் ஒட்டிய சேற்றை மட்டும், போட்டியை நடத்தும் குழுவினர் அந்த நாளுக்கென்று விதி போடாவிட்டால், நடுவழியில் துடைக்க முடியாது. இடப்பக்கம் சேறு இருந்தால் பந்து வலப்பக்கம் போகப் பார்க்கும். அதைக் கணக்குப் பண்ணி அடியுங்கள்.

மின்னலில் பகிடி இல்லை. மின்னிய பிறகு முழக்கம் கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். 30 செக்கனுக்குள் கேட்டால் உடனே நிறுத்துங்கள். கடைசி முழக்கத்துக்குப் பிறகு 30 நிமிஷம் கழிந்தால்தான் மறுபடி. நீண்ட ஒற்றைச் சங்கு ஊதினால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும் என்பது வழமை. ஊதாவிட்டாலும் மின்னல் ஆபத்து என்று நினைத்தால் ஆட்டக்காரர் தானாக நிறுத்த விதி இடம் கொடுக்கிறது. ஒதுங்க நல்ல இடம் சுவர் வைத்த கட்டடம், அல்லது கண்ணாடி ஏற்றிய கார். தனிப்பனை வேண்டாம், புளியமரம் வேண்டாம், நாலு தூணில் கூரை போட்ட கொட்டிலும் வேண்டாம். குடையை மடக்குங்கள், பையைக் கீழே போட்டுவிட்டு நடவுங்கள். "இந்த ஒரு பட் மட்டும் மச்சான்" என்பவரைச் சட்டையில் பிடித்து இழுங்கள்.

விறைத்துப்போய்க் காருக்கு வந்ததும் சிலருக்குக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறும் ஞாபகம் வரும். அதற்கு முதல் பையைக் கவிழ்த்துப் பிடியுங்கள். அடியில் ஒரு சட்டி தண்ணீர் நிற்கும், சிலவேளை ஒரு தவளையும். உறை போட்டு மூடிவைத்தால் மட்டை துருப்பிடிக்கும், கடற்கரை ஊரில் இன்னும் கெதியாக. நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, இரும்பு தெரிகிற வெஜ்களுக்குத் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி பூசுங்கள், பிடியில் படாமல். சப்பாத்துக்குள் பழைய பத்திரிகையை உருட்டித் திணியுங்கள். ஒரு மணித்தியாலத்தில் அதை எடுத்துவிட்டுப் புதிதாகத் திணிக்க வேண்டும். கையுறையை வெயிலில் போட்டால் நாளைக்கு அப்பளம். நிழலில், காற்றுப் படுகிற கொடியில், விரலை விரித்துக் கவ்விபோட்டு விடுங்கள். மழைக் கையுறை இரண்டையும் சோடியாகப் போட்டால் யாரோ கையைத் தூக்கிச் சரணடைவது போல இருக்கும், அதற்காகக் கழற்ற வேண்டாம்.