109க்கு அப்பாலும் ஓர் அலி டாயி

2021 செப்டம்பர் முதல் தேதி அயர்லாந்துக்கு எதிரான ஆட்டம் முடியும் தறுவாயில் ரொனால்டோ தலையால் முட்டி கோல் போட்டார். ஆண்கள் பன்னாட்டுக் கால்பந்தில் அதிக கோல் அடித்தவர் என்ற பெருமை ஈரானின் அலி டாயியிடமிருந்து கைமாறியது. மறுநாள் அலுவலகத்தில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். “யார் அந்த டாயி? லாவோஸ், குவாம் போன்ற அணிகளை அடித்துக் கணக்கை ஏற்றிக்கொண்டவர்தானே?” என்றார் ஒரு நண்பர். எனக்குக் கோபம் வந்தது. அன்று சொல்ல நேரமில்லாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லாவோஸுக்கு எதிராக நான்கு கோல் அடித்தது உண்மை. 2004 நவம்பரில் தெஹ்ரானின் ஆசாதி அரங்கில் அவருடைய பன்னாட்டு கோல் கணக்கு நூறைத் தாண்டியது அந்த ஆட்டத்தில்தான். குவாமை 19–0 என்று வென்றபோதும் அவர் நான்கு கோல் அடித்தார். ஆனால் 1996 ஆசியக் கோப்பைக் காலிறுதியைப் பாருங்கள். துபாயில் தென்கொரியாவுடன் ஆட்டம், இடைவேளையில் ஈரான் 1–2 என்று பின்தங்கியிருக்கிறது. இரண்டாம் பாதியில் கோதாதாத் அஜீஸி சமன் செய்கிறார். அதன்பிறகு கடைசி அரை மணி நேரத்துக்குள் நான்கு கோல், நான்கும் டாயி அடித்தவை. 6–2. அப்போதைய கொரியா எப்படிப்பட்ட அணி என்று ஆசியக் கால்பந்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1999இல் ஜெர்மனியின் ஹெர்தா பெர்லின் சட்டையில் சாம்பியன்ஸ் லீக்கில் செல்சிக்கு எதிராக இரண்டு கோல், மிலானின் சொந்த மண்ணில் ஒரு கோல். இவற்றை எந்தக் கணக்கில் வைப்பது?

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1998, 2006 ஆகிய இரண்டு உலகக் கோப்பைகளில் ஆடியும் அவர் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அவரை நேசிக்கிறவன் என்ற முறையில் அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஆனால் 109 கோல் என்ற எண் (இப்போது 108 என்றும் கணக்கிடுகிறார்கள்) அந்த மனிதரின் வாழ்க்கையில் பாதியை மறைத்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த டாயி, பயிற்சியாளர் டாயி.

அவர் 1969இல் வடமேற்கு ஈரானில் குளிருக்குப் பேர்போன அர்தபீலில் பிறந்தவர், அசெரி மொழி பேசும் குடும்பம். தெஹ்ரானின் ஷரீஃப் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உலோகப் பொறியியல் படித்தார். அந்த நாட்டில் அங்கே இடம் கிடைப்பதே குதிரைக் கொம்பு. தலைநகரில் முதலில் ஆடியது டாக்சி நிறுவனத்தின் அணிக்கு, பிறகு தெஜாரத் வங்கியின் அணிக்கு. தேசிய அணிக்கு முதன்முதலாக ஆடியபோது வயது 24. இன்றைய கணக்கில் அது தாமதம்தான். பிறகு தெஹ்ரானின் பெரிய அணியான பெர்செபோலிஸ், கத்தாரின் அல் சத், அங்கிருந்து ஜெர்மனி. முதலில் பீலஃபெல்டில் ஆடினார். அந்த அணி அந்தப் பருவத்திலேயே கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. இவரை பயர்ன் மியூனிக் எடுத்துக்கொண்டது. அங்கே பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்தான். 1999இல் பார்சிலோனாவில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் அடித்துக் கோப்பையைப் பறித்ததே, அன்று பயர்னின் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில் டாயியும் இருந்தார். கைக்கு வந்த கோப்பை கடைசி நொடியில் போவதை இத்தனை அருகிலிருந்து பார்த்த பயிற்சியாளர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

இனி 2006க்கு வருகிறேன். ஜெர்மனி உலகக் கோப்பையில் அவருக்கு வயது 37, அணித்தலைவர். மெக்சிகோவிடம் 1–3 என்று தோற்ற பிறகு, “இவரை ஏன் இன்னும் ஆடவைக்கிறீர்கள்?” என்று ஈரான் முழுக்கக் கேள்வி. அடுத்து போர்ச்சுகலுடன் அவர் ஆடவில்லை; அங்கோலாவுடன் ஆடினார். அத்துடன் தேசிய அணி வாழ்க்கை முடிந்தது.

அந்த ஆண்டு அவர் சைபாவில் இருந்தார். சைபா என்பது கார் தொழிற்சாலை. தெஹ்ரானை அடுத்த கரஜில் அதற்கு ஓர் அணி. பெர்செபோலிஸ், எஸ்தெக்லால் போலக் கோடிக்கணக்கான ரசிகர்கள் அதற்குக் கிடையாது. பருவம் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே ஜெர்மன் பயிற்சியாளர் வெர்னர் லோரன்ட் வெளியேற, பொறுப்பு டாயியின் கைக்கு வந்தது. ஆட்டக்காரராகவும் தொடர்ந்தார். இந்த நிலையை நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். நாடே “உட்கார்” என்று சொன்ன மனிதர். இப்போது ஆடும் பதினொருவர் பட்டியலைத் தயாரிக்க வேண்டியவரும் அவர்தான். அந்தத் தாளில் தன் பெயரை எழுதினால் சுயநலம் என்பார்கள், எழுதாவிட்டால் பயந்துவிட்டார் என்பார்கள். களத்துக்குள் இறங்கினாலோ, கோல் பகுதியில் பந்துக்காகக் காத்திருந்தபடியே பின்னால் தற்காப்பு வரிசை விலகுவதையும் பார்க்க வேண்டும்; மூச்சு வாங்கிக்கொண்டே யாரை வெளியே எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். 38 வயதில் இது சாதாரண வேலையா?

சைபா 2006–07 லீக் பட்டத்தை வென்றது. பெர்செபோலிஸும் எஸ்தெக்லாலும் பின்னால் நின்றன. 2007 மே மாத இறுதியில், சாம்பியன் அணியின் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் அவர் காலணியைக் கழற்றினார். கோல் எண்ணிக்கையைப் பற்றி எழுதப்பட்டதில் நூறில் ஒரு பங்குகூட இந்தப் பருவத்தைப் பற்றி எழுதப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

அடுத்த ஆண்டே தேசிய அணியின் பயிற்சியாளராக்கினார்கள். அவசரம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இரண்டு பருவ அனுபவம்கூட முழுதாக இல்லாதவரின் தலையில் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றைத் தூக்கி வைத்தார்கள். இறுதிச் சுற்றில் சமநிலைகள் சேர்ந்துகொண்டே போயின. 2009 மார்ச் 28 அன்று ஆசாதியில் சவூதியுடன் ஆட்டம். முன்னிலை பெற்ற ஈரான், பிறகு இரண்டு கோல் வாங்கித் தோற்றது. அன்றே அவரை நீக்கினார்கள். அவருக்குப் பின் வந்தவர்களாலும் அந்த முறை ஈரானை உலகக் கோப்பைக்குக் கொண்டுசெல்ல முடியவில்லை.

அவர் ஒதுங்கிப் போகவில்லை. பெர்செபோலிஸுக்கு 2010, 2011 இரண்டு ஆண்டும் ஈரானின் நாக்-அவுட் போட்டியான ஹஸ்ஃபி கோப்பையை வென்று கொடுத்தார். பிறகு ரயில்வேயின் பெயரைத் தாங்கிய ராஹ் ஆஹன் அணி. 2012 மார்ச்சில் இஸ்ஃபஹானில் ஆட்டம் முடிந்து திரும்பும்போது காஷான் அருகே அவருடைய கார் கவிழ்ந்தது. பிழைத்தது பெரும் பேறு. மீண்டும் பெர்செபோலிஸ், லீக்கில் இரண்டாம் இடம். அடுத்த பருவம் தொடங்கியதும் நீக்கம்.

பிறகு வந்தது நஃப்த் தெஹ்ரான். எண்ணெய் என்றுதான் அந்தப் பெயருக்குப் பொருள், ஆனால் அணியில் பணம் இல்லை. சம்பளம் பாக்கி, உரிமையாளர் குழப்பம். 2017இல் அந்த அணியை ஹஸ்ஃபி கோப்பை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஈரான்–ஈராக் போரில் சிதைந்து மீண்ட கோர்ரம்ஷஹரில் ஆட்டம். எதிரே தப்ரீஸின் டிராக்டர், ஈரானின் அசெரி மக்கள் உயிராகக் கொண்டாடும் அணி. அர்தபீல்காரரான டாயி, தன் மொழி பேசும் லட்சக்கணக்கானவர்கள் தோல்வியே கூடாது என்று நினைத்த அணியைத் தோற்கடிக்க வேண்டியிருந்தது. 1–0, கோப்பை நஃப்துக்கு. சம்பளம் கிடைக்காத ஆட்டக்காரர்களை ஒரு பருவம் முழுக்க ஓடவைக்கத் திட்டப் பலகை மட்டும் போதாது. பேசுகிறவர் மீது அவர்களுக்கு நம்பிக்கை இருக்க வேண்டும். அந்த நம்பிக்கையை டாயி சம்பாதித்திருந்தார்.

அந்த ஆண்டு நவம்பரில் கெர்மான்ஷா மாகாணத்தில் நிலநடுக்கம் வந்தபோது, பலர் அவரை நம்பித்தான் நிவாரணப் பணம் அனுப்பினார்கள். 2022இல் ஈரானில் அரசுக்கு எதிரான போராட்டங்கள் வெடித்தபோது மக்கள் பக்கம் நின்று பேசினார். கத்தார் உலகக் கோப்பைக்கு வந்த அழைப்பை மறுத்தார். அந்த டிசம்பரில் அவருடைய மனைவியும் மகளும் பயணம் செய்த துபாய் செல்லும் விமானத்தை ஈரானின் கீஷ் தீவில் இறக்கி, அவர்களைக் கீழே இறங்கச் செய்தார்கள்.

மீண்டும் பயிற்சியாளராகச் சேர்ந்த சைபாவை விட்டு 2019இல் வெளியேறியபோது அவருக்கு வயது ஐம்பதுதான். பயிற்சியாளர்கள் முதிர்ச்சி பெறும் வயது அது. அவருக்குப் பெரிய அணியோ தேசிய அணியோ வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சைபா, நஃப்த் போல ஓர் அணியும், முழு ஒரு பருவமும், இடையில் யாரும் கைவைக்காத சுதந்திரமும் கொடுத்தால் போதும். அந்த அணியின் ஆட்டங்கள் எந்த நேரத்தில் ஒளிபரப்பானாலும் நான் பார்ப்பேன்.