பாதங்களை எண்ணுங்கள்

நாங்கள் ‘சேர்’ என்றழைத்த எங்கள் கணித ஆசிரியர் காலமான செய்தி வந்த கிழமையே மலர்க் குழுவினர் தொலைபேசியில் கேட்டார்கள், அவரைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி. அவருடைய கணித வகுப்பைப் பற்றியும் காலை ஆராதனையில் அவர் வேதம் வாசிக்கும் விதத்தைப் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறார்கள். ஓகஸ்டில் பிள்ளைகளுக்காக அவர் கடற்கரையில் நடத்திய கிறிஸ்தவ முகாமைப் பற்றி எழுதக்கூடியவர்கள் குறைவு. அங்கே பிள்ளைகளுக்குப் பொறுப்பான கூடாரத்து அண்ணாவாக நின்றவர்கள் இன்னும் குறைவு. பிள்ளைகளாக வந்தவர்களுக்குக் கடலும் கூழும் பாசறைத் தீயும் ஞாபகம் இருக்கும். அவற்றுக்குப் பின்னால் சேர் வைத்திருந்த ஒழுங்கு இன்று எங்கேயும் எழுத்தில் இல்லை. அவர் விதிகளை எழுதிய முகாம் கொப்பியும் இடப்பெயர்வில் போய்விட்டது. ஆகவே ஞாபகத்தில் உள்ளதை இங்கே இறக்கி வைக்கிறேன்.

இடம் உங்களுக்குத் தெரியும்: யாழ்ப்பாணத்துக் காரைநகர்த் தீவு, கசூரினாக் கரை. ஓகஸ்டில் சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். அந்தக் கரை தீவின் வடக்குப் பக்கம் என்பதால் காற்று எங்களுக்கு முதுகில், கடல் ஆழமில்லாமல் அமைதியாகக் கிடக்கும். இதற்காகத்தான் சேர் அந்த மாதத்தையும் அந்தக் கரையையும் மாற்றவே இல்லை. ஆறு கூடாரம், கூடாரத்துக்கு எட்டுப் பிள்ளைகள், இரண்டு அண்ணாமார். சமையலுக்கும் மேற்பார்வைக்கும் வருபவர்களோடு அறுபத்தைந்து பேர் வரை வரும். ஐந்து இரவுகள்.

பிள்ளைகள் வருவதற்கு இரண்டு நாள் முன்னரே அண்ணாமார் போய்விட வேண்டும். முதல் வேலை தண்ணீர். காரைநகரில் கிணறுகள் உவர். அதனால் குடிக்கவும் சமைக்கவும் வெளியிலிருந்து ஏற்றிவர வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கலன் (கேலன்), சமையலுக்குத் தனியே இருபத்தைந்து என்பது சேரின் கணக்கு. நாற்பத்தைந்து கலன் கொள்ளும் பரல் (பீப்பாய்) இரண்டு இருந்தால் ஒரு நாள் போகும். பரலுக்கு மூடி, மூடிக்கு மேல் கல், அள்ளுவதற்குப் பிடி நீண்ட ஒரே ஒரு பாத்திரம். ஒருவரும் கையை உள்ளே விடக்கூடாது. குடிக்கும் தண்ணீரை முதல்நாள் இரவே கொதிக்க வைத்து ஆறவிட்டுவிட வேண்டும். கடலில் குளித்த பிறகு உவர்த் தண்ணீரில் ஆளுக்கு ஒரு வாளி, அதற்கு மேல் இல்லை.

கூடாரம் அடிப்பதில்தான் புதிய அண்ணாமார் தடுமாறுவார்கள். புற்றரையில் பழகிய முளை மணலில் நிற்காது. எவ்வளவு ஆழம் அடித்தாலும் முதல் பலத்த காற்றில் கழன்றுவிடும். சவுக்குத் தடியை இரண்டு முழ நீளத்துக்கு வெட்டி, நடுவில் கயிற்றைக் கட்டி, இழுவைக்குக் குறுக்காகக் கிடத்தி இரண்டு அடி ஆழத்தில் புதைத்து, மேலே மணலை மிதித்து இறுக்க வேண்டும். தடி இல்லாவிட்டால் மணல் நிரப்பிய சாக்கைப் புதைத்தாலும் போதும். பொழுதுபடும்போது கயிறுகளைக் கொஞ்சம் தளர்த்துவது மறக்கக்கூடாத வேலை. பருத்திக் கயிறு பனியில் நனைந்தால் சுருங்கும். சுருங்கினால் ஒன்றில் புதைத்த தடி மேலே வரும், அல்லது துணி கிழியும். மழை பெய்தால் உள்ளிருந்து துணியில் விரல் வைக்க ஒருவரையும் விடக்கூடாது. தொட்ட இடத்தில் ஒழுகத் தொடங்கிவிடும்.

மலகூடக் கிடங்கு காற்றின் கீழ்ப்புறம், கிணற்றுக்கும் சமையலுக்கும் நூறு அடிக்கு அப்பால். ஓரடி அகலம், இரண்டடி ஆழம், சுற்றிவரக் கிடுகு. பக்கத்தில் மண் குவியல், அதன் மேல் சிரட்டை. போனவர் இரண்டு சிரட்டை மண் போட்டுவிட்டு வர வேண்டும். இதை அண்ணாமார் நாளுக்கு மூன்று தடவை பார்க்க வேண்டும். ஈ வந்துவிட்டால் மூன்றாம் நாள் வயிற்றோட்டம் வரும்.

முதல் மாலை சேர் எல்லோரையும் ஈர மணலுக்குக் கூட்டிப்போவார். 1868இல் ஜொசாயா ஸ்பியர்ஸ் என்பவர் வேல்ஸ் நாட்டின் லாண்டட்னோ கடற்கரையில் வேத வாக்கியம் ஒன்றை மணலில் வரைந்து, விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களைக் கூப்பிட்டு அதைக் கடற்பாசியாலும் கல்லாலும் அலங்கரிக்கச் சொன்ன கதையைச் சொல்லுவார். பிள்ளைகளுக்கென்று கடற்கரையில் நடந்த ஊழியம் அங்கிருந்து வளர்ந்தது. பிறகு அதே வாக்கியம் எங்கள் மணலில்: ‘தேவன் அன்பாகவே இருக்கிறார்.’ பதினான்கு எழுத்து. எழுத்துக்கு மூன்று பேர், மீதி ஆறு பேர் சிப்பி பொறுக்க. நாற்பத்தெட்டும் சரி. எழுத்து ஒரு முழ உயரம், நான்கு விரற்கடை ஆழம். குழிக்குள் சாதாளை என்னும் கடற்பாசி, விளிம்புக்கு வெள்ளைச் சிப்பி. எங்கள் கரையில் வற்றுப்பெருக்கு சிறிது என்பதால், அலை தொடும் கோட்டுக்கு நாலைந்து அடி மேலே எழுதினால் அடுத்த நாள் காலையிலும் இருக்கும். ஒரே எழுத்தில் சேர்ந்து மண் கிண்டிய மூன்று பேர் அன்று இரவுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகிவிடுவார்கள். மூவரையும் வெவ்வேறு கூடாரத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பது அண்ணாமாருக்கு மட்டும் தெரிந்த விதி.

கடலில் இறங்குவது சோடி சோடியாக. இடுப்பளவு ஆழத்தில் மூங்கில் நட்டுக் கயிறு கட்டியிருக்கும். கயிற்றுக்கு வெளியே நன்றாக நீந்தக்கூடிய இரண்டு அண்ணாமார், முகம் கரையைப் பார்த்தபடி. கரையில் ஒருவர் விசிலோடு. பத்து நிமிடத்துக்கு ஒரு விசில். அந்த இடத்திலேயே நின்று சோடியின் கையைப் பிடித்து உயர்த்த வேண்டும், இருபத்துநான்கு சோடிக் கைகளை எண்ண வேண்டும். இருபது நிமிடத்தில் எல்லோரும் வெளியே. பிழை எங்கே வரும் என்றால், ஒருவன் குளிருது என்று தனியே கரையேறிவிடுவான், மற்றவன் வேறு சோடியோடு போய் ஒட்டிக்கொள்வான். ஓரிடத்தில் மூன்று கை உயர்ந்தால் உடனே எல்லோரையும் வெளியே எடுக்க வேண்டும். காரணம் கேட்பது பிறகு. திருக்கைக்குப் பயந்து காலைத் தூக்கி வைக்காமல் மணலில் உரசி நடக்கச் சொல்லுவார். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீருக்குள் காலை வைத்திருக்க வேண்டும், அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல். அதற்காகவே குளிக்கும் நேரமெல்லாம் அடுப்பில் ஒரு கேத்தல் தண்ணீர் சுட்டபடி இருக்கும். சொறி (ஜெலி மீன்) பட்டால் கடல் தண்ணீரால் கழுவ வேண்டும். மணலால் தேய்க்கவே கூடாது.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மத்தியானத்துக்குப் பத்துக் கொத்து அரிசி. வந்தவர்களில் பாதிக்கு மேல் சைவப் பிள்ளைகள். அவர்களுக்கு வேறு அடுப்பு, வேறு அகப்பை, பரிமாறவும் வேறு ஆள். வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் மரக்கறி. ஒடியற் (காய்ந்த பனங்கிழங்கு) கூழ் காய்ச்சும் இரவிலும் இரண்டு பானை. ஒடியல் மாவை முன்கூட்டியே தண்ணீரில் ஊறவிட்டு மேல் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். நண்டும் மீனும் பெரிய பானைக்கு. பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளி இரண்டுக்கும். கூழ் குடிக்கும் பனையோலைப் பிளாவைப் பிள்ளைகளே கோலிக்கொள்வார்கள்.

சைவப் பிள்ளைகள் விஷயத்தில் சேர் எழுதி வைத்திருந்தது கண்டிப்பானது. காலை அமைதி நேரத்தில் வேதப் பாடத்துக்கு வர விரும்பாதவன் சவுக்கின் கீழ் தனியே இருக்கலாம், தேவாரம் ஓதலாம், ஒருவரும் ஏன் என்று கேட்கக்கூடாது. கடைசி இரவு பாசறைத் தீயின் முன்னால் ‘யார் யார் தீர்மானம் எடுக்கிறீர்கள், கை உயர்த்துங்கள்’ என்று கேட்பது எங்கள் முகாமில் தடை. வேறு முகாம்களில் அது வழக்கம், அங்கிருந்து வந்த சில போதகர்களுக்கு இது மனத்தாங்கலும் கூட. சேரின் நியாயம் இது: நாலு இரவு அரைகுறையாகத் தூங்கி, நெருப்பையும் பாட்டையும் பார்த்துக்கொண்டிருக்கும் பதினொரு வயதுப் பிள்ளை எதைக் கேட்டாலும் அழும். அந்த அழுகையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாக்கு வாங்கினால் அது களவு. கதைக்க விரும்புகிற பிள்ளை காலையில், சாப்பிட்ட பிறகு, தானாக வரும். இதில் அவர் சரியாக இருந்தார் என்றே இன்றும் நம்புகிறேன். ஊர்ச் சைவக் குடும்பங்கள் வருடா வருடம் பிள்ளைகளை அனுப்பியது இந்த ஒரு விதியால்தான்.

பாசறைத் தீ கரையின் ஈரப் பக்கத்தில். காய்ந்த சவுக்கஞ் சருகு பொறி பட்டதும் பற்றும் என்பதால் சுற்றிப் பத்தடிக்குக் கூட்டி எடுக்க வேண்டும். சவுக்கு விறகு பச்சையிலேயே எரியும், அதனால் விறகுக்குப் பஞ்சமில்லை. நெருப்பு உயரும்போது கைதட்டும் பாட்டும் நாடகமும், இறங்கும்போது மெல்லிய கீர்த்தனை. தணலாகும்போது ஜெபம், பிறகு ஒருவரும் கதைக்காமல் கூடாரத்துக்கு. அணைப்பதற்குக் கடல் தண்ணீர், எட்டு வாளியாவது. மணல் போட்டு மூடவே கூடாது. மணலுக்குக் கீழே தணல் விடியும்வரை கனன்றுகொண்டிருக்கும், காலையில் வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளைக்கு அது தெரியாது.

வீட்டு நினைவு முதல் இரவு வராது. புது இடத்துப் புதினத்தில் அது போய்விடும். இரண்டாம் இரவு வரும். முதலில் வயிற்றுக்குத்து என்பான், பிறகு பாதிச் சாப்பாட்டோடு எழும்புவான், பிறகு கிடங்குப் பக்கம் அடிக்கடி போவான். அண்ணா அவனோடு வீட்டைப் பற்றியே கதைக்க வேண்டும். அம்மா இப்போது என்ன செய்துகொண்டிருப்பா, நாய் எங்கே படுக்கும் என்று. பேச்சை மாற்றினால் ஏக்கம் கூடும். ‘நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறேன்’ என்று சொல்லவே கூடாது. சொன்னால் நாளை முழுவதும் அவன் அதற்காகவே காத்திருப்பான். ஓர் அஞ்சலட்டை கொடுத்து எழுதச் சொல்ல வேண்டும், விடியப்புறம் அரிக்கன் லாம்பு துடைக்கும் வேலையை அவனிடம் ஒப்படைக்க வேண்டும். மூன்றாம் நாள் மத்தியானம் பார்த்தால் கடலில் மற்றவர்களைவிட அவன்தான் சத்தம் போடுவான்.

பாய் விஷயத்தையும் எழுதியே ஆக வேண்டும். இரவில் பாயை நனைக்கும் பிள்ளைகளின் பெயரைப் பெற்றோர் இரகசியமாகத் தருவார்கள். அந்தப் பட்டியல் சேரின் சட்டைப்பையில் இருக்கும், சம்பந்தப்பட்ட கூடாரத்து அண்ணாவுக்கு மட்டும் சொல்லுவார். இரவு பத்தரைக்கு எழுப்பிக் கூட்டிப்போவது, தலைமாட்டில் ஒரு மாற்றுச் சாரம் (லுங்கி) வைப்பது எல்லாம் முதலிலிருந்தே வழக்கம். ஆனால் ஒரு வருடம் புதிதாக வந்த அண்ணா ஒருவர், நல்ல மனதோடுதான், நனைந்த பாயைக் கழுவிச் சவுக்குக் கொப்பில் தனியே காயப்போட்டுவிட்டார். காலைச் சாப்பாட்டு வரிசை அதற்கு நேர் எதிரே. வரிசையில் ஒரு சிரிப்புத் தொடங்கியது. அந்தப் பிள்ளை தட்டோடு நின்றது. சேர் ஒன்றும் சொல்லவில்லை. தன்னுடைய பாயை எடுத்துவந்து, ஒரு வாளி தண்ணீரை அதன்மேல் ஊற்றி, அந்தப் பாய்க்குப் பக்கத்தில் போட்டார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைக்குப் பின்னால் வரிசையில் நின்றார். சிரிப்பு நின்றுவிட்டது. அன்று மாலை கொப்பியில் புதிய விதி ஏறியது: ஒவ்வொரு காலையும் முகாமின் எல்லாப் பாய்களும், சேருடையது உட்பட, கழுவி அல்லது நனைத்து வெயிலில் போடப்பட வேண்டும். அறுபத்தைந்து பாய். உவர்த் தண்ணீருக்குக் கூட மட்டுமட்டான அந்தக் கரையில் அது பெரிய செலவு. அதற்குப் பிறகு வந்த பிள்ளைகள், முகாமென்றால் பாய் காயப்போடுவது என்றே நினைத்து வளர்ந்தார்கள். இதைப் படிக்கும் பலருக்கு இன்றுதான் காரணம் தெரியவரும்.

இரவு எண்ணுவது மூன்று தடவை: பத்து, பன்னிரண்டரை, நாலு. நுளம்புக்குப் பயந்து பிள்ளைகள் தலையை மூடிப் படுப்பார்கள். தலையணையும் போர்வையும் சேர்ந்து கிடந்தால் இருட்டில் தலை மாதிரியே இருக்கும். ஆகவே தலையை எண்ணக்கூடாது, பாதங்களை எண்ண வேண்டும். லாம்புத் திரியைக் குறைத்து, கூடாரத்தின் கால்மாட்டுப் பக்கம் குனிந்து, பதினாறு. பதினைந்து வந்தால் ஒரு கால் மடங்கியிருக்கும். மடங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகக்கூடாது. அதைக் கண்ட பிறகுதான் அடுத்த கூடாரம்.

கடைசி நாள் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி எண்ணிய பிறகு, அண்ணாமார் கை நீட்டினால் தொடும் தூரத்தில் வரிசையாக நின்று கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை குப்பை பொறுக்கி நடப்பார்கள். கிடங்கு மூடப்படும், புதைத்த தடிகள் எல்லாம் கிண்டி எடுக்கப்படும். எல்லோரும் ஏறிய பிறகு, வெறுங்கரையை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுக் கடைசியாக ஏறுபவர் சேர்.

1982இல் நடந்தது கடைசி முகாம். 1983 ஓகஸ்டில் முகாம் இல்லை. காரணத்தை இந்த மலரின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கடைசி முகாமின் பன்னிரண்டு அண்ணாமாரில் நால்வர் இலண்டனில், மூவர் ரொறன்ரோவில், இருவர் மெல்பேணில், ஒருவர் ஒஸ்லோவில். ஒருவர் இப்போது உயிரோடில்லை. போர் முடிந்து கரை மறுபடியும் திறந்த பிறகு சேர் சிலருக்குக் கடிதம் எழுதினார். இளைய பிள்ளைகள் ஆயத்தம், பழக்குவதற்கு இரண்டு பேர் ஒரு ஓகஸ்டுக்கு வந்து நின்றால் போதும் என்று. ஒருவருக்கும் அந்த மாதம் வசதிப்படவில்லை. பிறகு அவருக்கும் நடக்க முடியாமல் போனது.

அடக்க ஆராதனைக்கு ஊரில் நின்றவர் பன்னிரண்டாமவர். சனம் நிறைய வந்திருந்ததாம், சவக்காலையில் கதிரை போதவில்லையாம். எல்லோரும் கலைந்த பிறகு தானும் கல்லறை வெட்டியவரும் மட்டும் நின்றதாகவும், பூ சுற்றிவந்த காகிதங்களைப் பொறுக்கி முடித்துப் படலையைச் சாத்திவிட்டு வந்ததாகவும் எழுதியிருந்தார்.